‘கிளிம்மர்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது: மங்கலா, மினுக்கமா, கீற்றா, நப்பாசையா?

தண்டையார்பேட்டையில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறிய மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பில், மெலிதாகத் துடிக்கும் ஒளியைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘கிளிம்மர்’ (glimmer) என்ற ஒற்றைச் சொல் மூன்று வாரங்களை விழுங்கிவிட்டது. படங்களுக்குச் சப்டைட்டில் எழுதும் ஓர் இளைஞர், பத்திரிகைக்குச் செய்தி பெயர்க்கும் ஒரு பெண், சிறுகதை பெயர்க்க முயலும் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், வியாசர்பாடியில் மனநல ஆலோசனைக் கையேடு தயாரிக்கும் ஒருவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு தாள்களில் இதே சொல்லிடம் வந்து நின்றிருந்தார்கள். அகராதி அவர்களுக்கு நான்கைந்து சொற்களைக் கொடுத்தது. எதை எப்போது எடுப்பது என்பதைச் சொல்லவில்லை.

வகுப்பில் பேச வசதியாக மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டோம். முதலாவதில், இருண்ட கடலின் கோடியில் ஒரு படகின் விளக்கு ‘கிளிம்மர்’ ஆகிறது. இரண்டாவதில், முறியும் நிலையில் இருந்த பேச்சுவார்த்தையில் நம்பிக்கையின் ஒரு ‘கிளிம்மர்’ தென்படுகிறது. மூன்றாவதில், நினைவு தப்பிய தந்தையின் கண்ணில், எதிரே நிற்கும் மகளை அடையாளம் கண்டுகொண்ட ‘கிளிம்மர்’ கூட இல்லை. இம்மூன்றுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமாகவும் இருந்தது. அப்படி ஒரு சொல் இல்லை என்பதும், அதைத் தேடுவதே பிழைகளுக்கு வாசல் திறக்கிறது என்பதும் என் கருத்து. அந்தக் கருத்துக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

சொல்லின் பூர்வீகம்

‘கிளிம்மர்’ ஜெர்மானிய வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கிளீம்’ அதற்கு உடன்பிறப்பு. அதன் ஈற்றில் உள்ள ‘அர்’ என்ற ஒலி, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் ஒட்டு. ‘ஃபிளிக்கர்’, ‘கிளிட்டர்’, ‘ஷிம்மர்’ ஆகியவற்றின் ஈற்றிலும் அதுவே இருக்கிறது. எனவே, ஒளி விட்டுவிட்டுத் துடிப்பது இச்சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது; மங்கல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் பிரகாசமாக ஒளிர்வதைத்தான் குறித்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பொருள் இறங்கி, மெல்லிய ஒளியைக் குறிக்கத் தொடங்கியது. ஜெர்மன் மொழியில் இதே சொல் அபிரகத்துக்குப் பெயர். நாம் அபிரகத்தைக் காக்காப்பொன் என்கிறோம். மினுங்குவதெல்லாம் பொன்னல்ல என்ற எச்சரிக்கையைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்ட நம் முன்னோரின் குறும்பு எனக்குப் பிடித்தமானது.

ஆங்கிலத்தில் இதே ஒலியில் தொடங்கும் ஒளிச்சொற்கள் ஒரு கூட்டமாக இருப்பதால் குழப்பம் மிகுதி. ஈரமான பொருளின் மேல் படியும் பளபளப்பு ‘கிளிஸ்டன்’. ஜிகினாவைப் போலப் பொட்டுப் பொட்டாகப் பளிச்சிடுவது ‘கிளிட்டர்’. மீன் வெட்டும் கத்தியின் முனையில் ஒரு கணம் தெறிப்பது ‘கிளின்ட்’. அசையாமல் கனல்வது ‘கிளோ’. இந்தக் கூட்டத்தில் மெலிவையும் துடிப்பையும் ஒருசேரச் சுமப்பது ‘கிளிம்மர்’ மட்டும்தான்.

எதை வைத்து அளப்பது

ஒரு தமிழ்ச் சொல் இதற்கு ஈடாகுமா என்று பார்க்க ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டோம். அச்சொல்லில் ஒளியின் மெலிவு தெரிகிறதா? ஒளியின் அசைவு தெரிகிறதா? ஒளி பிறக்கிறதா, அணைகிறதா என்ற போக்கு சரியாக இருக்கிறதா? நம்பிக்கை, புரிதல் போன்ற கண்ணுக்குத் தெரியாதவற்றோடு அச்சொல் கூச்சமின்றிச் சேருமா? கடைசியாக, அச்சொல் தமிழில் வேறு எங்கெல்லாம் புழங்கிவிட்டு, எந்த வாடையைத் தன்னோடு கொண்டுவருகிறது? இந்த ஐந்தாவதைத்தான் நான் மறைசெலவு என்பேன். அகராதியில் விலை போடாத செலவு அது.

போக்கு பற்றிய மூன்றாவது கேள்விக்கு ஒரு விளக்கம் தேவை. ஆங்கிலத்தில் இச்சொல் உருவகமாக வரும்போது, பெரும்பாலும் நாம் விரும்பும் ஒன்றன் தொடக்கத்தையே குறிக்கிறது. நம்பிக்கை, ஆர்வம், புரிதல் ஆகியவற்றோடு அது இயல்பாகச் சேர்கிறது; வெறுப்போடும் பொறாமையோடும் அவ்வளவாகச் சேர்வதில்லை.

மங்கிய ஒளி

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதலில் எழுதியது ‘மங்கிய ஒளி’, ‘மங்கலான வெளிச்சம்’ ஆகியவற்றையே. மெலிவில் இவற்றுக்கு முழு மதிப்பெண், அசைவில் சுழியம். படுக்கையறையில் எரியும் ஜீரோ வாட் பல்பின் வெளிச்சம் மங்கலானது. ஆனால் அது துடிப்பதில்லை. ஆகவே, ஒரு பொருளின் ஒளி அளவை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில், அதாவது கருவிக் கையேட்டிலோ, விபத்து நடந்த தெருவில் வெளிச்சம் எப்படி இருந்தது என்று விவரிக்கும் அறிக்கையிலோ, இதைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இதன் மறைசெலவு போக்கில் இருக்கிறது. ‘மங்குதல்’ என்பது முன்பு நன்றாக ஒளிர்ந்த ஒன்று ஒளி இழப்பது. கல்யாணப் புடவையின் நிறம் மங்குகிறது, வயதான பின் பார்வை மங்குகிறது, புகழ் மங்குகிறது. செய்தி பெயர்க்கும் பெண், பேச்சுவார்த்தை பற்றிய இரண்டாம் வாக்கியத்தில் ‘மங்கிய நம்பிக்கை தென்பட்டது’ என்று எழுதியபோது, அரும்பத் தொடங்கிய நம்பிக்கையை அவர் அறியாமலேயே அணைத்துவிட்டார். ஆங்கிலத்தில் ஏறுகின்ற விளக்கு தமிழில் இறங்கிவிட்டது. இன்னொரு சிறு ஆபத்து: ‘மங்கல்’ என்பதில் லகரத்தின் புள்ளி தவறினால் ‘மங்கல ஒளி’ ஆகிவிடும், கடல் நடுவே தத்தளிக்கும் படகின் விளக்குக்குக் குத்துவிளக்குக் களை வந்துவிடும். அச்சுப் பிழை திருத்துபவர்கள் சிரிப்பார்கள், ஆனால் இது நடப்பதுதான்.

மினுமினுப்பு, மினுக்கம், மினுங்கல்

மின்னல், மின்மினி, விண்மீன் எனத் தமிழின் ஒளிச்சொற்களில் ஒரு பெருங்குடும்பம் ‘மின்’ என்ற வேரைச் சுற்றி வாழ்கிறது. ஒலியிலும் ‘கிளிம்மர்’ என்பதற்கு அருகில் இருப்பதாகத் தோன்றுவதால், துடிப்பை விரும்புகிறவர்கள் இந்தக் குடும்பத்துக்குத்தான் வருகிறார்கள். ஆனால் இங்கே ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொழில்.

‘மினுமினுப்பு’ பட்டின் மேலும், எண்ணெய் தேய்த்த உடம்பின் மேலும் இருப்பது. அது மேற்பரப்பின் குணமே தவிர விளக்கின் குணமன்று. ஆங்கிலத்தில் ‘கிளிஸ்டன்’ என்பதற்கே அது நெருக்கம். இதை நான் பாடமாகக் கற்றது எண்ணூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவி, படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாக அப்பிக்கொண்டிருந்த நாட்களில், மீனவக் குடும்பங்களுக்கான உதவி பற்றிய ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கித் தந்தேன். மூலத்தில் இருந்த நம்பிக்கையின் ‘கிளிம்மர்’ என்பதற்கு ‘நம்பிக்கையின் மினுமினுப்பு’ என்று எழுதியிருந்தேன். அதை வாங்கிப் படித்த ஓர் அம்மா, தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: “மினுமினுன்னு கெடக்கறது எண்ணெய்தான் சார். நம்பிக்கைக்கு வேற எதுனா எழுதுங்க.” மறைசெலவு என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான ரசீது எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. சொல்லில் தவறில்லை, அந்த மாதத்தில், அந்த ஆற்றங்கரையில், அந்தச் சொல் ஏற்கெனவே வேறொன்றின் கைக்குப் போயிருந்தது.

‘மினுக்கம்’ சற்று மேல். ஆனால் ‘மினுக்கு’ என்ற வினை பாத்திரம் துலக்குவதையும் பகட்டித் திரிவதையும் குறிக்கும். ‘மேனாமினுக்கி’ என்ற வசவைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு ‘கண்ணில் ஒரு மினுக்கம்’ என்பது ஒப்பனை போலவே தோன்றும். சப்டைட்டில் எழுதும் இளைஞர் ஒரு சோகக் காட்சியில் இதைப் போட்டுவிட்டு, முன்னோட்டம் பார்த்த நண்பர்கள் சிரித்ததைக் கண்டு திரும்பி வந்தார்.

இக்குடும்பத்தில் என் ஓட்டு ‘மினுங்கு’ என்ற வினைக்கு. ‘நீரில் நிலா மினுங்கியது’, ‘மணலில் கிளிஞ்சல் மினுங்கியது’ என்னும்போது மெலிவும் துடிப்பும் சேர்ந்தே வருகின்றன, பகட்டு வருவதில்லை. ஆனால் இது ஒளியை வாங்கித் திருப்பும் பொருளுக்கே அதிகம் பொருந்துகிறது. மேலும் இதைப் பெயராக்கி ‘மினுங்கல்’ என்றவுடன் அழகு பாதி போய்விடுகிறது. வினையாக இருக்கும்வரை உயிர், பெயரானால் காட்சிப்பொருள்.

கீற்று

இன்று அச்சிலும் மேடையிலும் அதிகம் விலைபோகும் சொல் இதுதான்: நம்பிக்கைக் கீற்று. கீறுவதால் உண்டாவது கீற்று. மாங்காய்க் கீற்றும், பிறைக் கீற்றும், நெற்றியில் திருநீற்றுக் கீற்றும் ஒரே அச்சில் வார்த்தவை; நீளமும் விளிம்பும் உள்ளவை. காசிமேட்டில் தென்னங்கீற்று வேய்ந்த குடிசையில் பிறந்தவர்களுக்கு ஒளிக்கீற்று என்பது உருவகமே அன்று. வேய்ந்த கீற்றின் இடுக்கு வழியே விடியற்காலையில் சாணத் தரையில் கோடாக வந்து விழுந்த வெளிச்சத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அளவுகோலின்படி, மெலிவு உண்டு. போக்கும் சரி, ஏனெனில் கீற்று வெளியிலிருந்து உள்ளே வருகிறது, இன்னும் வரும் என்ற எதிர்பார்ப்பையும் தருகிறது. கண்ணுக்குத் தெரியாதவற்றோடு எளிதாகச் சேர்கிறது. இல்லாதது அசைவு. கீற்று ஆடாது. கதவிடுக்கில் விழும் வெளிச்சத்துக்கும் சுரங்கப்பாதையின் முனைக்கும் அது உத்தமம். கடலில் தத்தளிக்கும் விளக்குக்கு அது ஆகாது. முதல் வாக்கியத்தில் ‘தொலைவில் படகின் ஒளிக்கீற்று’ என்று எழுதினால், வாசகர் மனத்தில் படகிலிருந்து டார்ச் அடிப்பது போன்ற படம்தான் எழும்.

இதன் மறைசெலவு தேய்மானம். தேர்தல், வட்டி விகிதம், கிரிக்கெட் தொடர் என்று எதற்கும் ‘நம்பிக்கைக் கீற்று’ என்று தலைப்பிட்டுத் தலைப்பிட்டு, அதைப் படிக்கும் கண்ணில் வெளிச்சம் எதுவும் இப்போது படுவதில்லை. போதாக்குறைக்கு, கருமேகத்தின் விளிம்பில் தெரியும் வெள்ளிக் கோட்டைப் பற்றிய வேறோர் ஆங்கில மரபுத்தொடரையும் ‘வெள்ளிக்கீற்று’ என்று பெயர்த்து, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அது கெட்டதற்குள் இருக்கும் நல்லதைப் பற்றியது. இது இருட்டில் பிறக்கும் சிற்றொளியைப் பற்றியது. இத்தனைக்கும் பிறகு, இரண்டாம் வாக்கியம் நாளிதழுக்கானது என்றால், நேரம் நெருக்குகிறது என்றால், ‘நம்பிக்கைக் கீற்று’ என்று எழுதுவதை நான் தடுக்கமாட்டேன். தேய்ந்த காசும் கடையில் செல்லத்தான் செய்கிறது. கதைக்குள் மட்டும் அது வேண்டாம்.

முணுக்முணுக்கு

அகராதி தராத சொல் வகுப்பின் மூன்றாவது வாரத்தில் ஓய்வுபெற்ற துறைமுக ஊழியரிடமிருந்து வந்தது. முதல் வாக்கியத்தை உரக்கப் படித்துவிட்டு அவர், “முணுக்முணுக்குன்னு எரியுதுன்னு எழுதினா போதாதா?” என்று கேட்டார். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

ஆங்கிலத்தின் ‘அர்’ ஒட்டு செய்கிற வேலையைத் தமிழில் செய்வது இரட்டைக்கிளவி. பளபள, தகதக, மினுமினு, முணுக்முணுக்கு ஆகியவற்றைப் பிரித்தால் அந்தப் பொருள் நிற்காது. இரட்டித்து நிற்பதே அங்கு துடிப்பு. காற்றுக்குப் பயந்து கையால் மறைத்துக்கொண்டு ஏற்றும் சிம்னி விளக்கு, மீன் விற்கும் கூடைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வாடையோடு எரிந்த காடா விளக்கு, கோடையில் மின்னழுத்தம் இறங்கிய இரவுகளில் குறுகிய சந்து வீடுகளில் செத்துச் செத்துப் பிழைக்கும் குண்டு பல்பு ஆகிய எல்லாவற்றுக்கும் நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். ஸ்டார்ட்டர் பழுதான டியூப் லைட்டுக்கு இது ஆகாது. அது ‘விட்டு விட்டு எரிகிறது’, அதாவது ‘ஃபிளிக்கர்’. அங்கே மெலிவு இல்லை, தொல்லை மட்டுமே.

மெலிவு, அசைவு இரண்டிலும் இதை வெல்லும் தமிழ்ச் சொல்லை நான் காணவில்லை. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில், தேங்காய் எண்ணெயில் எரியும் திரிவிளக்குகளைக் கொண்டு தொடங்கியது. கப்பலின் மேல்தளத்தில் நின்றவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எழுத நேர்ந்தால், நான் எழுதுவது ‘முணுக்முணுக்கென்று’ என்றுதான். 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரத்துக்கு ஏறிய விளக்குக்கோ, 1977 முதல் மெரினாவில் சுழலும் விளக்குக்கோ அச்சொல் பொருந்தாது. கணக்கிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வீசும் ஒளி ‘மின்னி மறையும்’.

செலவுகள் இங்கும் உண்டு. ‘என்று’ சேர்த்தே ஆகவேண்டும் என்பதால் சப்டைட்டிலின் இரண்டு வரிக்குள் இடம் பிடிக்கும். பெயராக நிற்காது, ‘நம்பிக்கையின் முணுக்கு’ என்று எழுதுபவரை வாசகர் மன்னிக்கமாட்டார். எடுத்ததற்கெல்லாம் சிணுங்குகிற குழந்தையை ‘முணுக்குன்னா அழுவும்’ என்று சொல்கிறோம், அந்த வாடையும் சற்று வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சொல்லில் ஏழ்மை இருக்கிறது. மாளிகையின் சரவிளக்கு முணுக்முணுக்கென்று எரியாது. எரிந்தால் அந்த மாளிகை கடனில் மூழ்கிவிட்டது என்று பொருள்.

நப்பாசையும் பிறவும்

உருவகப் பொருளில் ஒளியையே விட்டுவிடுவது இன்னொரு வழி. தமிழில் இதற்குப் பழகிய சொற்கள் பல உண்டு. நடக்காது என்று அறிவு சொன்ன பிறகும் மனம் விடாமல் பிடித்திருப்பது நப்பாசை. பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லும்போது, கீற்றையும் மினுக்கத்தையும்விட இது ஆழமாகச் செல்லும். ஆனால் ‘கிளிம்மர்’ நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது. நப்பாசையோ அந்த நம்பிக்கையைப் பார்த்துச் சற்றே தலையாட்டிச் சிரிக்கிறது. எழுதுபவர் தாமே நம்பும் இடத்தில் ‘சிறு நம்பிக்கை துளிர்த்தது’ என்று எழுதட்டும். துளிர்ப்பதில் போக்கும் சரியாக இருக்கிறது. பாத்திரம் நம்ப, கதைசொல்லி நம்பாத இடத்தில் நப்பாசை.

புரிதலுக்கு ‘புரிந்தும் புரியாமலும்’ என்ற தொடர் போதும். ‘பொறி தட்டியது’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒரே அடியில் விளங்கிவிடுவது, எனவே வேறு.

‘கிளிம்மர்’ என்றே எழுதுவது

ஆலோசனைக் கையேட்டின் சிக்கல் தனி வகை. டெப் டேனா என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் 2018இல் இச்சொல்லை ஒரு துறைச்சொல்லாக்கினார்: பதற்றத்தைக் கிளப்பும் ‘டிரிக்கர்’ என்பதற்கு நேரெதிராக, ‘பயமில்லை, இங்கே பத்திரமாக இருக்கிறோம்’ என்று உடம்புக்கு உணர்த்தும் மிகச் சிறிய கணம். இங்கே ஒளி பெயரில் மட்டுமே இருக்கிறது; கீற்று, மினுக்கம் எதைப் போட்டாலும் கவிதையாகிவிடும், கையேடு ஆகாது.

கலைச்சொல்லாக இருப்பதால் ஒலிபெயர்ப்புக்கு நியாயம் உண்டு. ‘டிரிக்கர்’ ஏற்கெனவே இளைஞர் பேச்சில் குடியேறிவிட்டதால் ஜோடியும் பொருந்தும். ஆனால் கையேட்டைப் படிக்கப்போகும் பெண்களில் பலருக்கு இரண்டுமே அந்நியம். ஆகவே முதல் முறை ‘கிளிம்மர் எனப்படும் சிறு நிம்மதி’ என்று அறிமுகம் செய்துவிட்டு, அதன்பின் ‘சிறு நிம்மதி’ என்றே தொடர்வது என முடிவு செய்தோம். எடுத்துக்காட்டையும் மூலத்திலிருந்து அப்படியே எடுக்காமல் இங்கிருந்தே எழுதினோம்: வேலை முடிந்து வரும் வழியில், பர்மிய நூடுல்ஸ் விற்கும் அத்தோ வண்டியருகே நின்று குடிக்கும் சூடான வாழைத்தண்டு சூப், மாலையில் மொட்டை மாடியை எட்டும் கடற்காற்று. மொழிபெயர்ப்புச் செலவில் மிகக் குறைவானது இதுதான்.

மூன்றாம் வாக்கியம்

தந்தையின் கண் பற்றிய வாக்கியம் கடைசி வரை நின்றது. ‘அடையாளம் கண்டுகொண்டதன் ஒளிக்கீற்று கூட இல்லை’ என்பது பொருளில் சரி, ஆனால் மொழிபெயர்ப்பு என்று மூன்று தெருவுக்கு அப்பாலிருந்தே தெரிந்துவிடும். ‘என்னைத் தெரிந்த சுவடே அவர் கண்ணில் இல்லை’ என்றேன் நான். சுவடு இருந்தால் முன்பு ஒருவர் நடந்திருக்கிறார் என்று பொருளாவதால், மறதிக்கு அது பொருந்தும் என்று விளக்கமும் சொன்னேன். அகராதியை மூடி வைத்திருந்த செய்தி பெயர்க்கும் பெண் வேறொன்றை எழுதிக் காட்டினார்: ‘அப்பா என்னைப் பார்த்தார். நான் தெரியவில்லை.’ தெரிதல் என்ற வினை, கண்ணில் படுவதையும் மனத்தில் அறியப்படுவதையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. வெளிச்சத்துக்கென்று ஒரு சொல்லும் இல்லாமலேயே அந்த வரி இருட்டாக இருந்தது. என் சுவடை நான் அழித்துவிட்டேன்.